பினாங்குக் கடை மூடவில்லை

தம்பி,

உன் கடிதம் கைக்கு வந்து இன்றோடு பதினோரு நாள். வீட்டு விலாசத்துக்கு எழுதாமல் ரிஜிஸ்தர் ஆபீஸ் விலாசத்துக்கு நீ எழுதியிருந்ததைப் பார்த்ததுமே, உள்ளே இருப்பது உன் ஆத்தா காதில் விழக்கூடாத சங்கதி என்று தெரிந்துவிட்டது. தபால்காரர் கொண்டுவந்து கொடுத்தபோது நான் ஒரு கிரயப் பத்திரம் எழுதிக்கொண்டிருந்தேன். எழுதிக்கொடுப்பவரும் எழுதி வாங்குபவரும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மறுபடி பேனாவை எடுத்தேன். கிழக்கெல்லையில் வரவேண்டிய வாய்க்காலை மேற்கெல்லையில் எழுதிவிட்டேன். இத்தனை வருஷத்தில் முத்திரைத்தாள் ஒன்றை நான் பாழாக்கியது அன்றைக்குத்தான். அதற்குப் பிறகு மூன்று தடவை உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்றும் புத்திமதியாக வந்தன. தைரியமாக இரு, நாலு பேரோடு பழகு, போகப் போகச் சரியாகிவிடும் என்று. திரும்பப் படித்தால் யாரோ ஒரு பொய்யன் எழுதியது போல இருந்தது. மூன்றையும் கிழித்துப் போட்டேன். இது நாலாவது. இதில் புத்திமதி எவ்வளவு வரும் என்று எனக்கே தெரியவில்லை.

நீ எழுதியிருப்பதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார். இங்கிலாந்தில் உன் கல்லூரிச் சாப்பாட்டுக் கூடத்தின் வாசல் வரைக்கும் போகிறாய். உள்ளே சத்தமும் சிரிப்பும் கேட்டதும் கால் திரும்பிவிடுகிறது. கட்டடத்தை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு அறைக்கு வந்து ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்கிறாய். கடையில் சோப்பு வாங்க வரிசையில் நிற்கிறாய். உன் முறை வரும் நேரத்தில் வரிசையை விட்டு விலகி வெளியே வந்துவிடுகிறாய். புத்தகத்தில் இருக்கும் இங்கிலீஷ் எல்லாம் தெரிகிறது. அதையே ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றால் காது அடைத்துப் போகிறது, முகம் கொதிக்கிறது. மூன்று வாரமாக வகுப்புக்குப் போகவில்லை. இதில் எனக்கு மிகவும் வலித்த வரி வேறு. 'இங்கே யாரும் என்னை ஒன்றும் சொன்னதில்லை அப்பா, எல்லோரும் நல்லவர்களாகத்தான் இருக்கிறார்கள், அதனால்தான் எனக்கு ஒன்றும் புரியவில்லை' என்று எழுதியிருக்கிறாய். யாராவது ஏசியிருந்தால், அடித்திருந்தால், காரணம் சொல்லிக்கொள்ளலாம். காரணமே இல்லாத பயத்தை எந்த முகத்தோடு வெளியே சொல்வது?

கடைசியில் கப்பலுக்கு விசாரித்துவிட்டதாகவும், திரும்பி வந்துவிடப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். அந்த ஊர்க் குளிர் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, டாக்டர் போகச் சொல்லிவிட்டார் என்று ஊரில் சொல்லிவிடச் சொல்லி என்னிடம் கேட்டிருக்கிறாய். அதற்குக் கீழே, 'நீங்கள் பினாங்கில் நாலு பாஷைக்காரர்களோடு பழகி வேலை பார்த்தவர், உங்களுக்கு இப்படி ஒரு மகன் என்பது வெட்கமாக இருக்கும்' என்று ஒரு வரி. அந்த வரிக்குத்தான் தம்பி நான் பதில் எழுத வேண்டியிருக்கிறது. மற்றதற்கெல்லாம் என்னிடம் பதில் இருக்கிறதா என்பது எனக்கே சந்தேகம்.

பினாங்கில் எங்கள் கடை மூடவில்லை. கலவரத்தில் கடையைச் சாத்திவிட்டார்கள், அதனால்தான் ஊருக்கு வந்தேன் என்று உனக்கும் உன் ஆத்தாவுக்கும் பொன்னமராவதி முழுக்கவும் நான் பதினாலு வருஷமாகச் சொல்லி வந்தது பொய். நான் அங்கிருந்து ஓடிவந்தேன். நீ இப்போது ஓடிவர நினைக்கிற அதே காரணத்துக்காக.

நம்ம புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் நான் கப்பலேறினேன். உனக்கு நாலு வயது. உன் தங்கச்சி காமாட்சி, மடியில் கிடக்கும் பிள்ளை. தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் சொல்லி, பினாங்கில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை கிடைத்தது. முதலாளியும் நம்ம பக்கத்துக்காரர்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால், வந்திறங்கும் சரக்குக்குப் பட்டியல் எழுத உள்ளே உட்கார வைத்தார்கள். ஆறு மாதம் ஒரு குறையும் இல்லை. கிடங்கில் நானும் துணி மூட்டைகளும்தான். அதற்குப் பிறகு முதலாளி என்னை முன்பக்கம் கொண்டுவந்து நிறுத்தினார். முதல் நாளே ஒரு மலாய்க்கார அம்மா வந்து கைலி கேட்டார். அவர் கேட்டது எனக்குப் புரிந்தது. சொல்ல வேண்டிய வார்த்தையும் தெரியும், இரண்டு வாரமாகக் கிடங்கில் தனியாகச் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தேன். வாய் திறக்கவில்லை. அவர் இன்னொரு தடவை மெதுவாக, சிரித்த முகத்தோடு கேட்டார். எடுத்து வருகிறேன் என்று கையால் ஜாடை காட்டிவிட்டு உள்ளே போனேன். போனவன் திரும்பி வரவில்லை. மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, அவர் எப்போது போவார் என்று காலடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாஷைதான் காரணம் என்று முதலில் நினைத்தேன். அது இல்லை. கடையாட்கள் பத்துப் பேரும் தமிழர்கள்தான். பின்கட்டில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவோம். இலையில் ரசம் விட்டால் உள்ளங்கையில் ஏந்திக் குடிக்க வேண்டுமே, யாரோ பார்க்கிறார்கள் என்று தோன்றியதும் என் கை ஆட ஆரம்பித்துவிடும். ஒருநாள் ரசம் முழங்கை வரைக்கும் வழிந்து பக்கத்து ஆளின் வேட்டியில் விழுந்தது. அவர் துடைத்துக்கொண்டார். மறுநாளிலிருந்து எனக்கு ரசம் பிடிக்காது என்று சொல்லிவிட்டேன். பிறகு, வேலை இருக்கிறது, கடைசியில் சாப்பிடுகிறேன் என்றேன். பிறகு சமையல்காரர் எனக்கென்று மூடி வைத்துவிட்டுப் போக ஆரம்பித்தார். ஆறிய சோற்றைத் தனியாகத் தின்பதில் எனக்கு இருந்த நிம்மதியை என்னவென்று சொல்வேன். அந்த நிம்மதிக்காக ஒவ்வொரு நாளும் ஒரு பொய் சொன்னேன். தலைவலி, விரதம், வயிற்றுக் கோளாறு. அந்தப் பத்துப் பேரில் ஒருவர்கூட என்னைக் கேலி செய்ததில்லை. உன்னைப் போலவே எனக்கும் அதுதான் புரியவில்லை. இன்றுவரை புரியவில்லை.

கொஞ்சம் மாற்றம் வந்தது ஒரு சீனரால். எங்கள் கடைக்கு அடுத்து அவருடைய சைக்கிள் பட்டறை. ஆ லியோங் என்று கூப்பிடுவார்கள். சாப்பாட்டு நேரத்தில் நான் தெருவில் சுற்றிக்கொண்டு திரிவதை அவர் பார்த்திருக்க வேண்டும். ஒருநாள் ஒரு மரப்பெட்டியைக் காலால் தள்ளி எனக்கு முன்னால் போட்டார். உட்கார்ந்தேன். அவர் டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது. பேச வேண்டிய கட்டாயமே இல்லை. அவர் என் முகத்தைப் பார்ப்பதும் இல்லை, கண்ணெல்லாம் டியூபில்தான் இருக்கும். அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு வந்தேன். மறுநாளும் போனேன். ஏழெட்டு மாதம் இப்படி. நடுவில் அவர் ஸ்பானரைக் கேட்டுக் கை நீட்டுவார், எடுத்துக் கொடுப்பேன். மலாயில் ஒன்று இரண்டு மூன்று சொல்லிக் கொடுத்தார். தப்பாகச் சொன்னால் சிரிப்பார். அந்தச் சிரிப்பு ஏனோ என்னைச் சுடவில்லை. எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, மெள்ள மெள்ளக் கடையில் ஒருவர் இருவர் வந்தால் என்னால் பதில் சொல்ல முடிந்தது. கூட்டம் வந்தால் முடியாது. ஒருவர் என்றால் முடியும். நீ சின்னப் பிள்ளையில் கேட்டுக் கேட்டுச் சிரித்த 'நாலு பாஷை'யில் நிஜமான பாஷை இவ்வளவுதான். பத்து வரைக்கும் எண்களும், நீளம், அகலம், நல்ல சாயம் என்ற மூன்று வார்த்தைகளும்.

இதைத்தான் நன்றாக யோசித்துப் பார்த்து உனக்குச் சொல்ல நினைத்தேன். கூடம் நிறைந்திருக்கும்போது போகாதே, திறந்ததும் முதல் ஆளாகப் போ, காலியாக இருக்கும். பேச வேண்டிய கட்டாயம் இல்லாத ஒரு மனிதர் பக்கத்தில், அவர் ஏதாவது வேலை செய்துகொண்டிருக்கும்போது, சும்மா உட்கார்ந்து பார். ஒருவரிடம் மட்டும், உனக்கு இப்படி இருக்கிறது என்று சொல்லிவிடு. அந்த மூன்றாவதை நான் செய்யவில்லை. ஆ லியோங்கிடம் சொல்லப் பாஷை இல்லை, முதலாளியிடம் சொல்ல வாய் இல்லை. சொல்லியிருந்தால் அடுத்து நடந்தது நடந்திருக்குமோ என்னவோ.

மூன்றாம் வருஷம் முதலாளி ஈப்போவில் ஒரு கிளை திறந்தார். அதற்கு என்னைப் பொறுப்பாகப் போகச் சொன்னார். நல்ல மனிதர், நான் கொஞ்சம் தேறிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டுத்தான் செய்தார். வழியனுப்ப அவர் வீட்டில் விருந்து. நாற்பது பேர் இருக்கும். மாலையைப் போட்டு, இரண்டு வார்த்தை சொல்லு என்றார்கள். எழுந்து நின்றேன். உனக்கு விவரிக்க வேண்டியதில்லை, உனக்கே தெரியும். காது அடைத்தது. எதிரே இருந்தவர்களின் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. மாலையைப் பிடித்திருந்த கை ஆடி ஆடி ரோஜா இதழ் கீழே விழுந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு குழந்தை சிரித்தது. பரவாயில்லை, உட்கார்ந்து சாப்பிடு என்று முதலாளி தோளைத் தொட்டார். மூன்றாம் நாள் அவரிடம் போய், ஊரில் அப்பா சாகக் கிடக்கிறார், தந்தி வந்திருக்கிறது என்றேன். என் அப்பா அப்போது இங்கே கடலைக் கொல்லையில் களை வெட்டிக்கொண்டிருந்தார்.

கப்பலில் இரண்டு நாள் இறகு முளைத்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள்தான் ஊரில் என்ன சொல்வது என்ற நினைப்பு வந்தது. மலாயாவில் சண்டை சச்சரவு என்று பத்திரிகையில் வந்துகொண்டிருந்த நேரம். நாகப்பட்டினத்தில் இறங்குவதற்குள் கதை தயாராகிவிட்டது. சொன்னேன். நம்பினார்கள். பாவம் என்றார்கள். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கேட்கக் கேட்க நான் சேர்த்துச் சொன்னேன். மலாய்க்காரர்களோடு பேரம் பேசியது, சீனர்களோடு சீனத்திலேயே சண்டை போட்டது, துரைமார்கள் என் பெயரைச் சொல்லிக் கேட்டு வந்தது. நம்ம வீட்டுக்கே பினாங்குக்காரர் வீடு என்று பெயர் வந்துவிட்டது. நாலு மாதம் கழித்து முதலாளியிடமிருந்து கடிதம் வந்தது. அப்பா உடம்பை விசாரித்திருந்தார். ஈப்போ வேண்டாம், பழையபடி உள்ளே இருந்து எழுதினால் போதும், உன் இடத்தில் யாரையும் வைக்கவில்லை என்று எழுதியிருந்தார். கொல்லை வரப்பில் உட்கார்ந்து அதைப் பொடிப் பொடியாகக் கிழித்தேன். பதில் போடவில்லை. அவர் இன்னும் இருக்கிறாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

இப்போது நீ என்னிடம் கேட்கலாம், திரும்பி வந்தது தப்பா சரியா என்று. அதைத்தான் நான் பதினோரு நாளாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒருநாள், இன்னும் ஆறு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருந்தால் சரியாகியிருக்கும், பாதிக் கிணறு தாண்டியவன் விழுந்துவிட்டேன் என்று தோன்றுகிறது. மறுநாள், இருந்திருந்தால் செத்தே போயிருப்பேன், வந்ததால்தான் உங்கள் இரண்டு பேரையும் வளர்த்தேன் என்று தோன்றுகிறது. காலையில் உனக்கு 'வந்துவிடு' என்று எழுத நினைக்கிறேன், சாயந்திரம் 'கொஞ்சம் இருந்து பார்' என்று எழுத நினைக்கிறேன். இது என் ரத்தத்தில் இருந்து உனக்கு வந்ததா, நான் செய்த வேறொன்றால் வந்ததா என்றும் தெரியவில்லை.

அந்த வேறொன்று உனக்கு ஞாபகம் இருக்கும். நீ ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டி. அன்று காலையில் வயிறு வலிக்கிறது என்று படுத்துக்கொண்டாய். உன் ஆத்தா ஓமத் தண்ணீர் கொடுத்தாள். எனக்குத் தெரியும் தம்பி அது என்ன வயிற்று வலி என்று. உலகத்திலேயே எனக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்தே உன்னைக் கையைப் பிடித்து இழுத்துச் சைக்கிளில் உட்கார வைத்துக் கொண்டுபோனேன். மேடையில் நீ நின்றாய். வணக்கம் என்றாய். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை வரவில்லை. கீழே உட்கார்ந்திருந்த எனக்கு வியர்த்துக் கொட்டியது, என் காது அடைத்தது. வாத்தியார் வந்து உன்னைக் கீழே இறக்கிக்கொண்டு போனார். திரும்பி வரும் வழியில், 'பினாங்குக்காரன் மகன்னு வெளிய சொல்லாத' என்றேன் உன்னிடம். அன்றைக்கு நான் சைக்கிளை நிறுத்தி, இறங்கி, எனக்கும் இப்படித்தாண்டா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் என் கதை போய்விடும் என்று பயந்தேன். என் மகனைவிட என் கதை எனக்குப் பெரிதாக இருந்தது. நீ இங்கிலாந்துக்குப் போகிறேன் என்றபோது மார் தட்டிக்கொண்டு அனுப்பியதும் அந்தக் கதைதான்.

போன வாரம் புதுக்கோட்டைக்குப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த பையன் ஒருவனுக்கு என்று சொன்னேன், பார், அங்கேயும் பொய். தூக்கம் வருகிறதா, சோறு இறங்குகிறதா, தனியாக இருக்கும்போது வேறு ஏதும் கெட்ட நினைப்பு வருகிறதா என்று விசாரித்தார். இது ரொம்பப் பேருக்கு இருக்கிறது, வெளியே சொல்ல மாட்டார்கள், அந்த நாட்டில் இதற்கென்றே பார்க்கிற டாக்டர்கள் இருப்பார்கள், போய்ச் சொல்லச் சொல்லுங்கள் என்றார். பேசவே வராதவன் டாக்டரிடம் போய் எப்படிச் சொல்வான் என்று கேட்டேன். எழுதிக்கொண்டுபோய்க் கொடுக்கட்டும் என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை. பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான், எனக்கே தோன்றவில்லை. கடைசியில் ஒரு டானிக்கும் எழுதிக் கொடுத்தார். யாருக்கு என்று தெரியவில்லை. அவர் கேட்ட மூன்றாவது கேள்விக்கு நீ எனக்கு உண்மையான பதில் எழுத வேண்டும். மற்ற எதற்கு எழுதாவிட்டாலும் அதற்கு எழுது.

டாக்டரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் உன் கடிதத்தை உன் ஆத்தாவுக்கும் காமாட்சிக்கும் படித்துக் காட்டினேன். நீ கோபப்படுவாய். படித்துவிட்டு என் பினாங்குக் கதையையும் சொன்னேன். உன் ஆத்தா, தனக்கு முன்பே தெரியும் என்று சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது. உலையை இறக்கி வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'நீங்க சொன்னதை நம்பித்தானங்க பிள்ளைய அவ்வளவு தூரத்துக்கு அனுப்புனேன்' என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பேசியபோது உன்னைப் பற்றிக் கேட்கவில்லை, காமாட்சி கல்யாணத்தைப் பற்றிச் சொன்னாள்.

அதை இதுவரை உனக்கு விவரமாக எழுதவில்லை. குளத்தூர்ப் பக்கத்து இடம். மாப்பிள்ளையின் அப்பா ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர், அதிகம் பேசாத மனிதர். பேச்சு முடிந்து, தேதி குறிக்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள். உன் ஆத்தாவின் பயம் நியாயமானது. 'இப்ப இதை வெளிய விட்டீங்கன்னா, அந்த வீட்டுல அப்பனுக்கும் மகனுக்கும் புத்தியில ஏதோ கோளாறாம்னு பேசுவாங்க. கல்யாணம் முடியட்டும். அதுவரைக்கும் அவன் சொன்னபடி குளிர் ஒத்துக்கலைன்னே சொல்லிருங்க' என்றாள். பிள்ளைக்காக உண்மை பேசப் போய் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தால் அது என்ன உண்மை? ஆனால் நீ கேட்ட பொய்யும் நான் கப்பலில் தயாரித்த பொய்யும் ஒரே அச்சு. அதைச் சொன்னால் நீயும் என்னைப் போல ஒவ்வொரு நாளும் அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பாய். ஒன்றும் விளங்காமல் காமாட்சியிடமே கேட்டேன். அவள் காயப்போட்ட துணியை மடித்துக்கொண்டிருந்தாள். 'நாளைக்கு அங்க வாழப் போறவ நான்தானப்பா. அண்ணனுக்கு ஒரு கதை, ஒங்களுக்கு ஒரு கதைன்னு எத்தனைய நான் ஞாபகம் வச்சுக்கிட்டு இருக்க முடியும்? சொல்லிருங்க. அதுக்காக வேணாம்னு போறவங்க இன்னிக்கே போகட்டும்' என்றாள். சொல்லும்போது ஒரே துண்டை மூன்று தடவை மடித்தாள்.

அவர்கள் நாலு பேர் வந்தார்கள். பஞ்சாங்கம் பார்த்து, கார்த்திகையில் ஒரு நாளைச் சொன்னார்கள். அதற்குள் பையன் வந்துவிடுவானா என்று மாப்பிள்ளையின் ஆத்தா உன்னைப் பற்றிக் கேட்டார்கள். தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். பையனுக்கு அங்கே ஆட்கள் மத்தியில் இருக்க முடியவில்லை, பயமாக இருக்கிறது, சாப்பிடக்கூட வெளியே போவதில்லை, திரும்பி வந்தாலும் வருவான், எனக்கும் பினாங்கில் அப்படித்தான் இருந்தது, அதனால்தான் வந்துவிட்டேன் என்று. இவ்வளவும் சேர்த்து ஐந்தாறு வாக்கியம் இருக்கும். பதினாலு வருஷம் சுமந்தது. சம்பந்தி பஞ்சாங்கத்தை மூடி வைத்தார்.

'அப்ப பினாங்குல அந்தக் கடை மூடலைங்களா?' என்று கேட்டார்.

'இல்லைங்க' என்றேன்.

'சரிங்க' என்றார். அதற்குள் உன் ஆத்தா இலை போட்டுவிட்டாள். சாப்பிட்டார்கள். கத்தரிக்காய் நன்றாக இருக்கிறது என்றார்கள். மழை வருமா என்று பேசினார்கள். கிளம்பும்போது தேதியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், 'வாரோம்' என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். அது என்ன 'சரிங்க' என்று எனக்குப் புரியவில்லை. அவருக்கு நான் சொன்னது புரிந்ததா, புரிந்துதான் பேசாமல் போனாரா? நான் பயந்த இடி விழவில்லை. விழாததுதான் எனக்கு அதைவிடக் குழப்பமாக இருந்தது. உன் ஆத்தா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். காமாட்சி எச்சில் இலைகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனவள் வெகுநேரம் உள்ளே வரவில்லை. மூன்று நாள் தகவல் இல்லை. அந்த மூன்று நாளும் நான் செய்தது தப்புத்தான் என்று உறுதியாக நம்பினேன்.

இன்று காலையில் ஒரு கார்டு வந்தது. சம்பந்தியின் கையெழுத்து, பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதுவது போலக் குண்டு குண்டாக. அப்படியே எழுதுகிறேன். 'பெண்ணின் தமையனாரும் உடனிருந்து முகூர்த்தம் நடக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். அவர் வருவதாக இருந்தால் தேதியைத் தைக்குத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். கூட்டம் அவருக்குச் சிரமம் என்றால், நெருங்கிய சொந்தம் மட்டும் வைத்துச் சிறிதாக நடத்திக்கொள்வதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. அங்கேயே தங்கிப் படிப்பை முடிப்பதாக இருந்தாலும் தெரிவிக்கவும். அப்படியானால் கார்த்திகையே இருக்கட்டும்.' நான் இதை உரக்கப் படித்தேன். காமாட்சி கார்டை என் கையிலிருந்து வாங்கி அவளே ஒருமுறை படித்தாள். உன் ஆத்தாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, உடனே கோபமும் வந்தது. 'சின்னதாவா? இருக்கிறது ஒரே பொண்ணு, சின்னதாச் செய்யச் சொல்றாங்களா? ஆளுங்க வரட்டும். அவனுக்கு முடியலைன்னா பின்னாடி ரூம்புல இருந்துக்கிறட்டும், அண்ணங்காரன் பொரி போடுற சடங்கு நேரத்துக்கு மட்டும் வந்து போட்டுட்டுப் போகட்டும்' என்றாள். காலையிலிருந்து வீட்டில் இந்தப் பேச்சுத்தான்.

இதை உன்னை வரச்சொல்லி எழுதியதாக எடுத்துக்கொள்ளாதே. இருக்கச்சொல்லி எழுதியதாகவும் எடுத்துக்கொள்ளாதே. எது உனக்கு நல்லது என்று எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. தெரிந்த மாதிரி எழுத இனிமேல் எனக்கு மனசில்லை. டாக்டரிடம் எழுதிக் கொடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்தாலும் சரி, நாளைக்கே கப்பலுக்குப் பதிவு செய்தாலும் சரி. வந்தால் நீ ஓடிவந்தவன் என்று இந்த வீட்டில் யாரும் சொல்ல மாட்டார்கள். சொல்லத் தகுதியுள்ள ஒரே ஆள் நான், நான் சொல்ல மாட்டேன். ஆனால் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மட்டும் யாரிடமும் சொல்லமாட்டேன். பஸ் ஸ்டாண்டிலும் ஆபீஸிலும் கட்டாயம் கேட்பார்கள், பையன் ஏன் வந்துவிட்டான் என்று. உண்மையைத்தான் சொல்வேன். இனி எனக்குப் பயமில்லை என்று எழுதத்தான் ஆசை. பயம் இருக்கிறது, இப்போதே கை குளிர்கிறது. இருந்தாலும் சொல்லிவிடுவேன்.

உன் பதிலை வீட்டு விலாசத்துக்கே போடு.

அப்பா